நோட்டில் எழுதாத பாதி

அந்தக் குழுவை உருவாக்கியது நான்தான் என்று இன்றைக்கும் யாராவது பாராட்டினால் பேச்சை மாற்றிவிடுகிறேன். பாராட்டுகிறவர்களுக்கு நடந்தது தெரியாது. தெரிந்தவர்கள் என்னோடு பேசுவதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துத் தரும் ஒரு தொழிற்சாலையில் பர்சனல் டிபார்ட்மெண்டில் இருந்தேன். எங்கள் முதலாளி ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்தார். மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் மனம்விட்டுப் பேச ஒரு குழு வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். “நீ பார்த்துக்கம்மா. உனக்கு வாய் இருக்கு,” என்றார். மேனாம்பேட்டில் எங்கள் தெருவே அதைத்தான் சொல்லும். எனக்கோ தலைகால் புரியவில்லை.

ஆட்களை நானே பொறுக்கினேன். கேன்டீன் பார்த்துக்கொள்ளும் அம்மாள், தமிழ் டைப்பிஸ்ட், தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பிலிருந்து ஒரு தொழிலாளி. அந்தத் தொழிலாளி கள்ளிக்குப்பத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். மாதச் சம்பளத்தைக் கண்ணால் பார்த்த முதல் ஆள் அந்த வீட்டில் அவர்தான். முதலில் வரமாட்டேன் என்றார். “எனக்கு இன்னா மேடம் பேசத் தெரியும்? எதுனா சொல்லி வேலைக்கு வேட்டு வெச்சிக்கினா ஊட்ல அடுப்பு எரியாது,” என்றார். “நான் இருக்கிறேன், பயப்படாதீங்க,” என்றேன். என்ன திமிர் எனக்கு.

சனிக்கிழமைதோறும் டீயும் வடையும் வைத்துக் கூட்டம். யார் என்ன சொன்னாலும் பெயர் போட்டு நோட்டில் எழுதுவேன். ஒரு நகல் மேனேஜருக்குப் போகும். ஒரு வாரத்துக்குள் பதில் நோட்டீஸ் பலகையில் ஒட்டப்படும். வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுதினால் நிற்கும் என்று எல்லாருக்கும் பாடம் எடுத்தேன். குடிதண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்கள். ஆவடி ரயிலைப் பிடிக்கிறவர்களுக்காக ஷிப்ட் விடும் நேரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளினார்கள். ஊழியர்கள் என்னைக் கண்டால் நின்று சிரித்தார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மேனேஜர் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். “சூப்பர்வைசருங்க பேரு மட்டும் நோட்டுல வரவேணாம்மா. அப்புறம் அவங்களை எவன் மதிப்பான்?” நாசூக்காக நடந்துகொள்வதாக நினைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன். நாசூக்காம், மண்ணாங்கட்டி.

பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கும் அச்சு இறங்கும். கை உள்ளே போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஒரு பட்டனை ரப்பரால் இறுக்கிக் கட்டிவிட்டால் ஒரு கை மிச்சம், வேலை ஓடும். ஒரு சனிக்கிழமை கள்ளிக்குப்பத்துக்காரர் வடையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: “பட்டன கட்டிட்டுத்தான் மேடம் ஓட்டிகினு கீறோம். நானும் அப்டித்தான் ஓட்டறேன். சூப்பர்வைசர்தான் கட்டச் சொல்றாரு. கட்டலன்னா வேற எடத்துக்குத் தூக்கிடுவேன்றாரு. என்னிக்கினா எவன் கையாவது பூடும்.”

தலையாட்டிக்கொண்டே எழுதினேன். ‘பட்டனைக் கட்டிவிட்டுத்தான் நானும் மெஷினை ஓட்டுகிறேன். கைக்கு ஆபத்து உண்டு.’ அவ்வளவுதான் எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்களே, நான் இரண்டே வரியில் மறைத்தேன். அந்த வாரம் பலகையில் பதில் வந்தது. பாதுகாப்பே முதல் என்று ஒரு படம். கீழே சிரிக்கும் ஒரு தொழிலாளி.

அடுத்த மாதமே ஒருவர் கை போயிற்று. அதே மெஷின். காலை ஷிப்டில் கள்ளிக்குப்பத்துக்காரர் ஓட்டிவிட்டுப் போயிருக்கிறார். மதியம் வந்தவருக்கு மூன்று விரல் நசுங்கியது. ரப்பர் கட்டியபடியே இருந்தது. அரசாங்க இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்றதும், கட்டியவன் யார் என்று காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. மேனேஜர் நேராக என் நோட்டை எடுத்தார். அத்தனை பக்கம் இருக்க, அந்தப் பக்கத்தைச் சரியாகப் புரட்டினார். சீ, அவர் விரல்கள் நோட்டைப் புரட்டிய வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கள்ளிக்குப்பத்துக்காரர்மேல் உள் விசாரணை வைத்தார்கள். கம்பெனி அமர்த்திய வக்கீல்தான் விசாரணை அதிகாரி. கம்பெனிக்குச் சாட்சி நான். உள்ளே போகும்முன் மேனேஜர், “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா,” என்றார். வாய் இருக்கிறவள் தலையாட்டினேன்.

“இது உங்க கையெழுத்துதானே?” என்றார் வக்கீல்.

“ஆமாம்.”

“இப்படி அவர் சொன்னாரா?”

“சொன்னார்.”

சாட்சியிடம் கேள்வி கேட்கலாம் என்று அவரிடம் சொன்னார்கள். எழுந்து நின்றார். சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

“மேடம், நான் சொல்லச் சொல்ல எழுதிகினு இருந்தீங்களே. சூப்பர்வைசர்தான் கட்டச் சொல்றாருன்னு சொன்னனே. அது எங்க கீது?”

மேனேஜர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம், சொன்னார், நான்தான் விட்டுவிட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். என் வேலை, என் பெயர், என் சனிக்கிழமைக் கூட்டம் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தேன்.

“நோட்டில் இல்லை,” என்றேன்.

வேறு கேள்வி உண்டா என்றார் வக்கீல்.

“இல்ல சார். மேடம் எழுதினா சரியாத்தான் இருக்கும்.”

வக்கீல் அதை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். அந்த வரியையும் காட்டித்தான் அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். நீக்கும் கடிதத்தைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதித் தந்தேன்.