தேவராஜா பேசிய நாற்பது நிமிடம்

தேவராஜாவை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று யாரும் குறை சொல்லக்கூடாது.

செவன் ஹில்ஸில் பிளாஸ்டிக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் என்னோடு இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறான். ஐம்பத்தேழு வயது. மனைவி விட்டுவிட்டு மெல்பேர்ன் போய்விட்டார், அதற்கு அவரை நான் குறை சொல்லமாட்டேன். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் போனை நோண்டிக்கொண்டிருக்க, இவன் தாள்களை விரித்து அடிக்கோடு போட்டு வாசிப்பான். மூன்று வருடத்துக்கு முன் பல்கலைக்கழகத்தில் பகுதி நேரமாக வரலாறு படிக்கச் சேர்ந்தான். எந்த வரலாறு? சோழர் இல்லை, யாழ்ப்பாண அரசர்கள் இல்லை. துரைக்கு ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பக்தாத் தேவைப்பட்டது.

வாயைக் கொடுத்தால் நீங்கள் தொலைந்தீர்கள். 1099இல் சிலுவைப் போர்க்காரர் ஜெருசலேமைப் பிடித்தார்கள். எண்பத்தெட்டு வருடம் கழித்து அது முஸ்லிம்களுக்குத் திரும்பக் கிடைத்தது. ஊர் உலகம் அந்த வெற்றியைப் பேசும், இவனுக்கோ நடுவில் கிடக்கும் எண்பத்தெட்டு வருடம்தான் வேண்டும். அந்தக் காலத்தில் சில ஆசிரியர்கள் எதிரியைத் திட்டுவதை விட்டுவிட்டு, நாங்கள் ஏன் இப்படி அழுகிப்போனோம் என்று கேட்டார்களாம். ஜெருசலேம் விழுவதற்கு நாலு வருடம் முன்பே, பக்தாத்தின் பெரிய கல்லூரியில் தலைமை ஆசிரியராக இருந்த ஒருவர், தான் கடவுளுக்காக அல்ல, பேருக்காகவே பாடம் சொல்வதைக் கண்டு, வகுப்பில் நாக்கு எழாமல் நின்று, பதவியை உதறிவிட்டுப் போனாராம். தன்னைத் தானே விசாரிப்பதை ஒரு பயிற்சியாகவே வைத்திருந்தார்களாம். அதற்கு முஹாஸபா என்று பெயர்.

அந்தப் பெயரைக் கேட்ட நாள் முதல் சாப்பாட்டு நேரத்தில் அவன் பக்கத்தில் உட்காருவதை விட்டேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 1990 ஒக்டோபரில், இரண்டு மணி நேரத்தில் வெளியேறுங்கள் என்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இயக்கம் உத்தரவு போட்ட அன்று, ஒரு சந்தியில் நின்று அவர்களின் பைகளைச் சோதித்தவர்களில் தேவராஜாவும் ஒருவன். அவனுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். என் மனைவிக்குத் தெரியாது. என் மகள் வினுஷாவுக்குத் தெரியவே கூடாது. அவள் அகதிகளுக்காக வாதாடும் வழக்கறிஞர்.

பிளாக்டவுனில் மாதம் ஒருமுறை நடக்கும் எங்கள் வாசகர் வட்டத்துக்கு நான் செயலாளர். தேவராஜா பேச இடம் கேட்டான். பக்தாத்தைப் பற்றி எங்கள் சனத்துக்கு என்ன வந்தது என்று இரண்டு முறை தட்டிக்கழித்தேன். மூன்றாம் முறை, வரவேண்டிய பேச்சாளர் காய்ச்சலில் படுக்க, தலைவி சிவாஜினி என்னைக் கேட்காமலே அவனை அழைத்துவிட்டார்.

அன்று நாற்பது பேர் வந்திருந்தார்கள். வினுஷா முன்வரிசையில். முதல் அரைமணி நேரம் பக்தாத்திலேயே போனது. தூங்குகிறவர்கள் தூங்கினார்கள். நான் மூச்சுவிடத் தொடங்கினேன். அப்போது அவன் தாள்களை மடித்து வைத்தான்.

“நாங்கள் முப்பத்தைஞ்சு வருசமா உலகத்தை விசாரிக்கிறம். ஐநாவை, இந்தியாவை, சிங்களவனை. விசாரிக்கத்தான் வேணும். ஆனா எங்களை ஆர் விசாரிக்கிறது? நான் தொண்ணூறாம் ஆண்டு சந்தியில நிண்டனான். ஒரு மனிசி தன்ர பிள்ளையின்ர பால்மா ரின்னை மட்டும் விடச்சொல்லிக் கெஞ்சினவ. நான் அதைத் திறந்து, உள்ளுக்கு நகை இருக்கோ எண்டு பால்மாவை ரோட்டில கொட்டினனான். ஒண்டும் இருக்கேல்ல.”

மண்டபம் கொதித்தது. “இதுக்கோ உம்மைக் கூப்பிட்டது?” என்று ஒருவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். இன்னொருவர் துரோகி என்றார். “மைக்கை நிப்பாட்டுங்கோ வரதர்!” என்று சிவாஜினி என்னைப் பார்த்துக் கத்தினார். நான் ஓடிப்போய் நிறுத்தினேன். அவ்வளவு வேகமாக நான் எந்த வேலையையும் செய்ததில்லை.

அப்போது வினுஷா எழுந்தாள். மைக் இல்லாமலே அவள் குரல் கேட்கும்.

“அங்கிள், உங்களோட வேற ஆர் நிண்டது?”

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அந்த ரின்னை அந்தத் தாயின் கையிலிருந்து பறித்து இவனிடம் கொடுத்தது நான்தான். அது இவனுக்குத் தெரியும். இரண்டு முறை இடம் மறுத்ததும், வேலையிடத்தில் இவனைப் பைத்தியம் என்று சொல்லித் திரிந்ததும் தெரியும். பழி தீர்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

தேவராஜா அவளைத்தான் பார்த்தான், என்னை இல்லை.

“பிள்ளை, நான் என்னைப் பற்றித்தான் சொல்லலாம். மற்றவையை விசாரிக்கிறது இந்த முஹாஸபாவில இல்லை.”

எங்கள் கூட்டங்களில் இடி விழுந்தாலும் நன்றியுரை நடந்தே தீரும். அதைச் செய்வது செயலாளர். எழுந்து நின்றேன். மண்டபம் தந்த கவுன்சிலுக்கு நன்றி சொன்னேன். ஒலி அமைத்தவருக்கு, வடை சுட்டவருக்கு, தேநீர் ஊற்றியவர்களுக்கு, பொறுமையோடு இருந்த சபைக்கு. பேச்சாளரின் பெயரைச் சொல்லவில்லை. சிலர் கைதட்டினார்கள். அடுத்த வாரம் அவனை வட்டத்திலிருந்து நீக்கும் கடிதத்தையும் நானே எழுதி, நானே கையெழுத்திட்டேன்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் காரில் வினுஷா கேட்டாள்: “அப்பா, ஏன் அந்த அங்கிளுக்கு மட்டும் தாங்க்ஸ் சொல்லேல்ல? எவ்வளவு கரேஜ் வேணும் அப்பிடிச் சொல்ல. நீங்களும் அந்த நேரம் யாழ்ப்பாணத்திலதானே?”

“ஓம்,” என்றேன். “நான் வீட்டில இருந்தனான்.”

அவள் நம்பினாள். உடனே நம்பினாள். அந்த நாய் என் பெயரைச் சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன், கத்தியிருப்பேன், அவனைப் பொய்யன் ஆக்கியிருப்பேன். அதற்கு நான் தயாராகவே இருந்தேன். சொல்லாமல் விட்டுவிட்டான். இப்போது பொய் சொன்னவன் நான் ஒருவன்தான். அதற்காக அவனை நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன்.