மாமா மாட்டிய கிராபிக்ஸ் கார்டு

என் தாய்மாமனை நான் ஏமாற்றுக்காரர் என்று சொன்னபோது ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். போனில்தான் சொன்னேன். ஆனால் அம்மா அப்பா காதில் விழட்டும் என்று கத்திச் சொன்னேன்.

எல்லாம் ஒரு கார் பந்தய விளையாட்டால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என் வகுப்புப் பையன்கள் நாலு பேரும் நானும் ஆன்லைனில் பந்தயம் விடுவோம். தொடர்ந்து பல வாரம் நான்தான் முதலில் வந்தேன். பிறகு என் கார் திக்கத் தொடங்கியது. வளைவில் திருப்பினால் திரை ஒரு கணம் உறைந்துவிடும். மறுபடி அசையும்போது கார் சுவரில் மோதிக் கிடக்கும். "பொம்பளப் புள்ள வண்டி ஓட்டுனா அப்படித்தான்" என்று ஒருவன் எழுதினான். அன்று நான் மவுஸைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன்.

கம்ப்யூட்டர் இருந்தது வீட்டுக்குக் கீழே, அப்பாவின் நிட்டிங் யூனிட்டில். பனியன் துணி பின்னும் ஐந்து மிஷின்கள் அங்கே பகல் முழுக்கச் சுற்றும். அவற்றின் பக்கத்தில் கதவில்லாத ஒரு ஆபீஸ் அறை. அம்மா அங்கே உட்கார்ந்து துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பாள், போன் எடுப்பாள், பில் எழுதுவாள். அவள் எழுந்தால் நாற்காலி எனக்கு.

முதலில் அண்ணன் மேல் சந்தேகப்பட்டேன். அவன் எதையோ ஏற்றி வைத்துக் கெடுத்துவிட்டான் என்று சண்டை போட்டு அவன் கையைக் கடித்தேன். அவன் ஏற்றியதையெல்லாம் அழித்த பிறகும் கார் திக்கியது. அப்புறம்தான் வீடியோக்கள் பார்த்து முறையாகத் தேடினேன். நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று திரையின் மூலையில் காட்டும்படி வைத்தேன். தொடங்கும்போது அறுபது. பத்து நிமிடத்தில் பதினெட்டு. ப்ராசசர் பாதி வேலைகூடச் செய்யாமல் சும்மா கிடந்தது. கிராபிக்ஸ் கார்டோ முழுமூச்சாகத் திணறியது. நிழல்களை அணைத்தேன், படத்தின் தரத்தைக் குறைத்தேன். எண் கொஞ்சம் ஏறியது. ஆக, முட்டுக்கட்டை கார்டில்தான். அதன் சூடு தொண்ணூறு டிகிரியைத் தாண்டியிருந்தது.

அந்தக் கார்டை வாங்கி மாட்டியது மாமா. பல்லடத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அம்மாவின் தம்பி.

"புதுசுன்னு சொல்லிப் பழசை மாட்டி எங்கள ஏமாத்திட்டீங்க மாமா!"

முக்கால் மணி நேரத்தில் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். கண்கள் சிவந்திருந்தன. "என்னைய என்ன கண்ணு சொன்ன? இன்னொருக்காச் சொல்லு" என்றார். நான் பயப்படாமல் மறுபடி சொன்னேன். அவர் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிக் கார்டை வெளியே உருவினார்.

கார்டு தெரியவில்லை. பஞ்சுதான் தெரிந்தது. மிஷினிலிருந்து பறக்கும் பஞ்சு தூசியோடு சேர்ந்து கம்பளித் துண்டு போல ஃபேனுக்குள் திணிந்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தார். சாம்பல் நிறத்தில் ஒரே துண்டாக வந்தது. அந்தத் தூசி கிளம்பியதும் அம்மா இருமினாள். இருமல் நிற்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

மாமா இடுக்கியைக் கீழே வைத்தார். "எத்தன நாளாக்கா இப்படி?"

"சளிடா. மழைக்குப் புடிச்சது."

"மழை பேஞ்சு எத்தன மாசமாச்சு?"

மிஷின் பக்கம் நின்றிருந்த அப்பாவை நோக்கித் திரும்பினார். "ஏனுங்க மச்சான், இந்தக் கார்டு வந்து எட்டு மாசந்தானுங்க ஆச்சு. அதுக்குள்ள மூச்சு முட்டி நின்னுபோச்சு. எங்கக்கா எட்டு வருசமா இங்க உக்காந்திருக்குதுங்க!"

அப்பாவின் முகம் கறுத்தது. "கம்ப்யூட்டர ரிப்பேர் பண்ண வந்தீங்களா, என்னைய ரிப்பேர் பண்ண வந்தீங்களா? நானுந்தான் இங்க நிக்கறேன். லேபர் அத்தன பேரும் நிக்கறாங்க. பஞ்சு பறக்காம பனியன் வந்துருமா?"

"ஒரு கதவு போடலாமுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாமுங்க."

"எங்கூட்டு விசயத்த நான் பாத்துக்கறேன்."

அம்மா இருவருக்கும் நடுவில் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். மிஷின்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. என் கார்டு மேசையில் கிடக்க, இவர்கள் ஏதோ பழைய பகையைப் பேசிக்கொண்டிருக்கிறார்களே!

"மொதல்ல கார்ட மாட்டுங்க மாமா!"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கார்டைத் துடைத்து மாட்டினார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் நிற்கவில்லை. நான் ஏமாற்றுக்காரர் என்றதால்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதன்பின் மூன்று வருடம் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மாவை முதன்முதலாக ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுதான் வந்தார். இன்று அவளால் இன்ஹேலர் இல்லாமல் கடைக்குக்கூடப் போக முடியாது. அப்பா மேல் எனக்கிருக்கும் கோபத்தை அப்பாவிடமே சொல்லியிருக்கிறேன். என் மேல் இருப்பதை யாரிடமும் சொன்னதில்லை.

மாமா கார்டைத் துடைத்து மாட்டிய அன்று கார் திக்காமல் அறுபதில் ஓடியது. ஆனால் மறுபடி பஞ்சு அடைக்குமே என்று அழுது அடம்பிடித்தேன். கார்டு வீணாகிவிடும், இதை இந்த அறையில் வைக்கவே கூடாது என்றேன். அப்பாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. சாயங்காலமே கம்ப்யூட்டரை மாடிக்குக் கொண்டுபோனோம். பெட்டியை அண்ணன் தூக்கினான், மானிட்டரை அம்மா தூக்கினாள். படியில் இரண்டு முறை நின்று, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

"கீழ போட்றாதம்மா" என்று மேலே நின்று கத்தினேன்.

மறுநாள் காலை மிஷின் சத்தம் கேட்டதும் அம்மா கீழே இறங்கிப் போனாள். எனக்குப் பரம நிம்மதி. இனிமேல் நாற்காலிக்காக அவள் எழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.