முழுக்கைச் சட்டை

துபாயில் இருக்கும் என் தம்பிக்கு அக்கா மேல் பாசம் அதிகம், யோசனைதான் கொஞ்சம் குறைவு. எங்கள் கல்யாண நாளுக்கு அங்கிருந்தே ஒரு பரிசு ஏற்பாடு செய்துவிட்டான். குற்றாலத்துக்கும் இலஞ்சிக்கும் நடுவே தென்னந்தோப்புக்குள் புதிதாக வந்திருக்கும் ரிசார்ட்டில், எங்கள் இருவருக்கும் மட்டும் ஒயின் ருசி பார்க்கும் விருந்து. மெழுகுவத்தி, ரோஜாப்பூ, வகைவகையாக ஒயின், அதற்கேற்ற சாப்பாடு. எல்லாம் புக் செய்த பிறகுதான் போனில் சொன்னான்.

என் கணவர் குடியை விட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்பது அவனுக்குத் தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டவள் நான்தான். புருஷன் குறையைப் பிறந்த வீட்டில் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் எழுதாத சட்டம். இவர் தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் விழுந்து கிடந்த அன்றும் அம்மாவிடம் காய்ச்சல் என்றுதான் சொன்னேன்.

பிறகு அவராகவே கடையம் பக்கத்து அம்மன் கோயிலுக்குப் போய், பூசாரி கையால் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டார். எங்கள் பக்கம் குடியை விடுகிறவர்கள் செய்வது அது. கயிறு மணிக்கட்டில் இருக்கும்வரை குடிக்க மாட்டார்கள். குடிக்க நினைக்கிறவர்கள் முதலில் கயிற்றைக் கழற்றி வைப்பார்கள்.

"போக வேண்டாம்," என்றேன்.

"போவாட்டா ஒன் தம்பிகிட்ட என்னன்னு சொல்லுவ? சாப்பிட்டுட்டு வந்துருவோம்ட்டி," என்றார்.

வீட்டில் எப்போதும் அரைக்கைச் சட்டை போடுகிற மனிதர், அன்று சாயங்காலம் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பட்டனும் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். கயிறு கண்ணில் படவில்லை. கயிறு இருக்கிறதா என்று கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகும். கேட்காமலே பைக்கில் ஏறினேன். வழியெல்லாம் சாரல்.

சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி. பரிமாறுகிறவர் முதல் ஒயினைக் கொஞ்சமாக ஊற்றினார்.

"கம்பம் பக்கத்துத் திராட்சை சார். கிளாஸை லேசா சுத்துங்க. மோந்து பாத்துட்டு அப்புறமா ஒரு வாய்."

இவர் சுற்றினார், மோந்தார், கீழே வைத்தார். எனக்குப் போன உயிர் வந்தது. பொரித்த மீன் வந்தது, அதன் ருசி இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் சட்டைக் கையை.

அடுத்தது சிவப்பு. இதைக் கொஞ்சம் அதிக நேரம் மோந்தார். கண்ணை மூடினார். அந்தக் கண் மூடலை எனக்கு நன்றாகத் தெரியும். அவரை அங்கேயே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தம்பி வீடியோ காலில் வந்தான்.

"அக்கா, ரெண்டு பேரும் தெரியுத மாதிரி போனை வை! அத்தான், ஒரு வாய் குடிங்க, நான் பாக்கணும்லா!"

இவர் சிரித்துக்கொண்டே கிளாஸைத் தூக்கினார். சட்டைக் கை மேலேறியது. மணிக்கட்டில் கயிறு இல்லை. அது இருந்த இடத்தில் வெளுத்த கோடு மட்டும்தான் இருந்தது.

"அத்தான் குடிக்க மாட்டாவ," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "குடிச்சுச் சீரழிஞ்சு இப்பத்தான் வுட்டுருக்காவ. ஒங்க யாருகிட்டயும் சொல்லாம நாந்தான் மறைச்சேன். நீ அவியளை வற்புறுத்தாத."

தம்பி முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லாக்கா," என்றான் மெதுவாக. நான் போனை அணைத்தேன்.

இவர் கிளாஸை வாயில் படாமலே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போனார். ரிசார்ட் வாசலைத் தாண்டினால் கூப்பிடு தூரத்தில் மதுக்கடை. வரும்போதே அதைப் பார்த்து வைத்திருந்தேன். மேசையடியில் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.

பைக் பக்கத்தில், சாரலில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஒன் தம்பி முன்னால எம் மானத்த வாங்கிட்டல்லா," என்றார், வாயைத் திறக்காமல் பல்லிடுக்கிலேயே.

"ஆமா, வாங்கிட்டேன். கயிறு எங்க?"

திரும்பினார். கயிற்றின் ஒரு முனை பல்லில் இருந்தது, மறு முனை விரலில். அதை வாயிலிருந்து எடுத்தார். கண் கலங்கியிருந்தது.

"கெளம்பும்போதே கழத்திப் பையில போட்டுட்டேன். ஒரு வாய்தானன்னு நெனச்சேன்," என்றார். "இப்ப ஒத்தக் கையால கட்ட வர மாட்டேங்கு."

மணிக்கட்டை நீட்டினார். கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கமாக, ஈரக் கயிற்றை இழுத்து முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டேன்.

"ஏட்டி, பூசாரிகூட இப்படி இறுக்கல, வலிக்கு," என்றார்.

"வலிக்கட்டும்," என்றேன்.