சீனிமுத்து

நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் எங்கள் போர்மேன் ஒரு அக்கா. உரசிப் பொறி பறந்துவிடக் கூடாதென்று வளையல் போடாத கை, செருப்பில்லாத கால். தினமும் காலையில் சீனிமுத்து கதை ஒன்றைச் சொன்ன பிறகுதான் வேலையைத் தொடங்கவிடுவார். வெடிமருந்து டப்பாவைத் தூக்கச் சோம்பல்பட்டுத் தரையில் இழுத்து, அது உரசித் தீப்பிடித்ததில் மீசை கருகியவன் சீனிமுத்து. அவசரப்படுகிறவர்களுக்கெல்லாம் எங்களிடையே அவன் பேர்தான்.

சீசன் நெருக்கடியில் ஒருநாள் நானும் டப்பாவை இழுக்கப் போனேன்.

"ஏட்டி, சீனிமுத்து!" அக்கா கத்தினார்.

என் கை அப்படியே நின்றது.

சாப்பிடும்போது கேட்டேன். "யாருக்கா அந்த ஆளு?"

"அப்படி ஒருத்தனும் கெடையாது, நானாக் கட்டுன கதை. இங்க தீயில செத்தவுக பேரச் சொல்லி ஏச முடியுமா? அவுக பொண்டாட்டி பிள்ளைக இங்கனதான வேலை பாக்குறாக."

பிறக்காத ஒருத்தன் பேரால் பிழைத்துக்கிடக்கிறேன். அவனைப் பெற்ற அக்கா நல்லா இருக்கட்டும்.