சங்கரன்கோவிலில் நான் ஏறிய வைக்கோல் லாரி

சங்கரன்கோவில் பக்கம் போக வழி கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். கோவிலைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதை அவர்களிடம் விட்டுவிடுகிறேன். நான் அந்தப் பக்கம் போனதில் மறக்க முடியாத பயணம் எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதம் நடந்தது. சாமி கும்பிடப் போகவில்லை. பொறாமையில் போனேன்.

அப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலி ஞானதுரைக்கு. குருவிகுளம் பக்கத்துக் கரிசல் கிராமத்துக்காரன், அவனுடைய அப்பா சர்ச் நடத்தும் கோவில்பள்ளியில் வாத்தியார், குடும்பத்துக்கு ஒரு சென்ட் வயல் கிடையாது. அவன் வகுப்பெடுத்தால் பின்வரிசை வாயைப் பிளந்து கேட்கும். நான் எடுத்தால் அதே பின்வரிசை தூங்கும். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அந்த வருடம் சென்னையில் ஒரு கருத்தரங்கு. வளரும் நாடுகளில் வறுமை குறையுமா, எப்படிக் குறையும் என்பது பொருள். எங்கள் துறையிலிருந்து ஒருவர்தான் போகலாம். தண்ணீர் பாய்கிற ஊரில் வறுமை தங்காது, பாசனம்தான் வளர்ச்சி என்பது என் கட்டுரை. வாசுதேவநல்லூர் குளத்துப் பாசனத்தில் பிறந்தவன் வேறு எதை எழுதுவான்? ஞானதுரை நேர் எதிராக எழுதியிருந்தான். மழையை நம்பாத ஒரு சம்பளமும் பெண்பிள்ளைகளின் படிப்பும் நுழைந்த வீட்டுக்கு வறுமை திரும்பி வராதாம், அதற்குத் தன் ஊரே சாட்சியாம். யார் கட்டுரை என்று துறைத்தலைவர் திங்கட்கிழமை சொல்வதாக இருந்தார். அந்தச் சாட்சியை நேரில் பார்த்து உடைத்துவிட வேண்டும் என்று வெள்ளிக்கிழமை காலை கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் தங்கை செல்வியைப் பெண் பார்க்க வருகிறார்கள். பார்த்துவிட்டு அப்படியே ஊருக்குப் போய்விடலாம் என்று கணக்கு.

திருநெல்வேலியிலிருந்து மானூர், தேவர்குளம் வழியாக சங்கரன்கோவில் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். அன்றைக்கு டிக்கெட் நாலு ரூபாய் சொச்சம். இரண்டு மணி நேரம் குலுக்கி எடுத்துவிட்டது. அங்கிருந்து குருவிகுளம் பஸ் கிழக்கே போகும். ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது. வெயிலுக்குத் துண்டு கொண்டுபோகாதது என் முட்டாள்தனம்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டின் நிலைமையைத் தெரிந்துகொள்ள உள்ளே போக வேண்டியதில்லை. வாசலில் நின்று, தொழுவத்தில் போராக அடுக்கிய வைக்கோல் படப்பைப் பார்த்தால் போதும். ஆள் உயரத்துக்கு இருந்தால் ஒரு மரியாதை, கூரையைத் தாண்டினால் வேறு மரியாதை. சம்பந்தம் பேச வருகிறவர்கள்கூட முதலில் தொழுவத்துப் பக்கம்தான் எட்டிப் பார்ப்பார்கள். ஞானதுரையின் ஊரை நானும் அந்தக் கண்ணோடுதான் சுற்றி வந்தேன். ஒரு வீட்டில்கூடப் படப்பு இல்லை. அடுப்பெரிக்கப் பருத்திமார் என்கிற காய்ந்த பருத்திச்செடியை அடுக்கி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

ஆடு பத்திக்கொண்டு வந்த ஒருவரை நிறுத்தினேன்.

"என்ன அண்ணாச்சி, ஊரே பூட்டிக் கெடக்கு? பொழைக்க வழியில்லாம போயிட்டாவளா?"

"பொழைக்கத்தாம்வே போயிருக்காவ. பொம்பளைய தீப்பெட்டி ஆபீசுக்கு, பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு. சாயந்திரம் வந்துருவாவ."

"ஒரு படப்பக்கூடக் காணுமே?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நெல்லு வெளையாத ஊருல படப்பு எங்கன இருந்துவே வரும்?"

பதில் சரியானதுதான். ஆனாலும் எனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். படப்பு இல்லை, வீடுகள் பூட்டு, ஆகவே வறுமை. சென்னை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்ட மாதிரியே சங்கரன்கோவிலுக்குத் திரும்பினேன்.

பஸ் நிலையத்துக்கு எதிரே டீ குடிக்கும்போது ஒரு வைக்கோல் லாரி வந்து நின்றது. டிரைவரும் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். எங்கே போகிறது என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"வாசுதேவநல்லூருக்கு சார். ஆத்துப் பாசனத்துல ஏத்துனது."

"எங்க ஊருக்கா? எங்க ஊருக்கு வெளியூர் வைக்கோலா?"

"குளம் ரெண்டு வருசமாப் பெருகலைல்லா. அந்த வீட்டுல மாடே ரெண்டுதான். ஆனா படப்பு கூரைக்கு மேல நிக்கணுமாம். ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாராவளாம்."

"யாரு வீடு?"

"மேலத்தெருல வேப்பமரத்து வீடுன்னு சொன்னாவ."

மேலத்தெருவில் வேப்பமரத்து வீடு ஒன்றுதான். அது எங்கள் வீடு. பொங்கலுக்குப் போனபோது படப்பு இடுப்பளவுதான் இருந்தது. அறுப்பு வரட்டும் என்று அப்பா சொன்னதை நானும் நம்பியிருந்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். "நானும் அங்கனதான் போறேன்" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். புளியங்குடி வழியாக இருபத்தைந்து கிலோமீட்டர். வழியெல்லாம் சட்டைக்குள் வைக்கோல் குத்தியது.

இருட்டுகிற நேரத்தில் லாரியிலிருந்து இறங்கிய என்னைப் பார்த்து அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"ஏலே, நீ எப்படிலே இதுல வார?"

"இது என்னப்பா வேலை?"

"சத்தம் போடாத. படப்பில்லாத வீட்டுல எவன்லே பொண்ணெடுப்பான்? இல்லாத கொறையை நாம பட்டுக்கிடலாம், அவளுக்கு வரக் கூடாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் கை குடு, அடுக்கணும்" என்றார்.

அடுக்கினேன். பாசனம்தான் வளர்ச்சி என்று எழுதிய கையால் கூரைக்கு மேல் ஒரு முழம் நிற்கும்படி அடுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அப்பா மாப்பிள்ளையின் அப்பாவை நைசாகத் தொழுவத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பின்னாலேயே நானும் போனேன். அந்த மனிதர் படப்பை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை.

"மாடு கன்னெல்லாம் கெடக்கட்டும் அண்ணாச்சி. பொண்ணு டீச்சர் ட்ரெயினிங் முடிச்சிருக்கால்லா? அதைக் கேட்டுட்டுத்தான் வந்தோம். எங்களுக்கும் குளம் பெருகல. வீட்டுல ஒரு சம்பளம் வந்தா போதும்னு இருக்கு."

அங்கேயே வெற்றிலை மாற்றாத குறை. அவர்கள் போனதும் அப்பா என் தோளைத் தட்டினார்.

"நல்லவேளை, ஞானதுரை தம்பி சொல்லுச்சு."

"அவன் என்ன சொன்னான்?"

"முந்தி உன்கூட இங்கன வந்தப்ப, தங்கச்சிய வீட்டுல வச்சிராதீய, ட்ரெயினிங் சேருங்கன்னு சொல்லுச்சுல்லா? அதக் கேட்டுத்தான சேத்தேன். நீ ஒரு நாளும் சொல்லலையே."

தங்கைக்கு நல்ல இடம் அமைந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் என் வீட்டுத் தொழுவத்தில், நானே அடுக்கிய படப்பின் முன்னால் நிற்க வைத்து அவன் கட்டுரையை என் அப்பா வாயால் கேட்க வேண்டுமா? திங்கட்கிழமை என் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஞானதுரை சென்னைக்குப் போனான்.

இனி நீங்கள் போவதற்கு. குருவிகுளம் பக்கம் போகிறவர்கள் மதியத்தில் போய் பூட்டிய கதவுகளைப் பார்த்து முடிவுகட்டாதீர்கள். மாலையில் போங்கள், ஊர் திரும்பி வரும். தீப்பெட்டி மருந்து நெடி ஏறிய விரல்களோடு திரும்பும் பெண்களைப் பாருங்கள், வளர்ச்சிக்கு என்ன விலை என்பதும் தெரியும். அதை ஞானதுரையும் தன் கட்டுரையில் எழுதியிருந்தான், பாவி, எதையும் விட்டுவைக்கவில்லை. குடிதண்ணீரும் துண்டும் மறக்காதீர்கள்.

செல்வி தலைமையாசிரியையாக ஓய்வு பெற்ற விழாவுக்குக் கரிவலம்வந்தநல்லூர் போயிருந்தேன். மேடையில் முதல் நன்றி ஞானதுரை அண்ணனுக்கு. அவன் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தான். அடுத்து என் பெயரைச் சொன்னாள். வைக்கோல் லாரியில் வந்து இறங்கிய கதையைச் சொன்னாள். கூட்டமே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் அவன்தான், அந்தச் சிரிப்புக்கும் பின்வரிசை சேர்ந்து கை தட்டியது.