ஆறு இலக்கமும் மூன்று ஏக்கர் பருத்தியும்

போன வருடம், மானியத்துக்கும் இழப்பீட்டுக்குமான பயிர்ப் பதிவின் கடைசி நாளில் ஊர்க் கணினி மையத்தில் அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். ஆதார், வங்கிப் புத்தகம், மூன்று ஏக்கர் பருத்திக்கான அடங்கல் சான்று எல்லாம் மஞ்சள் பையில் இருந்தன. நான் இல்லை. என் பழைய இந்தியத் தொலைபேசி எண்ணும் இல்லை.

விருதுநகர்ப் பக்கத்து எங்கள் கரிசல் ஊரில் அப்போது காலை பத்து மணி. இங்கே, மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில், பன்னிரண்டரை. வந்து இரண்டு வருடமாகியும் இந்த இரண்டரை மணி நேரம் எனக்குப் பழகவில்லை. நான் மதியச் சோற்றைப் பிரிக்கும்போது அம்மா அங்கே காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பாள். அன்று குலைகளை எடை போடும் கொட்டகையில் சோற்றைப் பிரித்தபோது அப்பாவின் அழைப்பு வந்தது. மையத்துப் பெண்ணின் கைபேசியிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசினார்.

"ஏய்யா, ஒன் நம்பருக்கு ஆறு நம்பர் வந்துருக்காம்ல? வெரசா சொல்லு, பின்னால ஆளுக நிக்காக."

பல மாதங்களாக ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அந்த எண் போய்விட்டது. வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். எங்கள் பருத்திக்கான ஆறு இலக்கம் முகம் தெரியாத ஒருவரின் கையில் ஒலித்திருக்கும்.

எங்களை வேலை வாங்கும் மேஸ்திரி, இங்கத்துப் பேச்சில் மண்டோர், செல்வம் அண்ணன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். "என்னா தம்பி, சோறு எறங்கலியா?" என்றார். சொன்னேன்.

"இவ்ளோதானா? டவுன்ல போயி டாப்-அப் போடுலா. பத்து வெள்ளி காசுல முடியிற வேலை!"

"அந்த நம்பரே இப்ப என்னோடது இல்லண்ணே."

"அப்ப உங்கப்பா நம்பர குடுத்திருக்கலாம்லா. பருத்தி போட்டது அவரா, நீயா?"

பிரித்த சோற்றை மூடி வைத்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்த வருடம் ரேஷன், வங்கி, நிலம் என்று எல்லாப் படிவங்களையும் நானே நிரப்பினேன். எல்லாவற்றிலும் என் எண்தான். அம்மா தன் பட்டன் போனை நீட்டினாள். "ஒனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்று தள்ளிவிட்டேன். அது பொறுப்பு என்று நினைத்தேன். பெருமையும் கலந்திருந்தது.

எண்ணை மாற்ற வேறு அலுவலகம் போக வேண்டும், சில நாட்கள் ஆகும் என்றார்கள் மையத்தில். அன்று மாலையே பதிவுக் கெடு முடிந்தது, எங்கள் நிலம் பதிவாகவில்லை. மானியம் இல்லாமல் மருந்தை முழு விலைக்கு வாங்கினார் அப்பா. காய் வெடிக்கும் நேரத்தில் நான்கு நாள் மழை. பஞ்சு கறுத்துப்போனது. பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கு இழப்பீடு வந்தது. பட்டியலில் அப்பாவின் பெயர் இல்லை.

அரசு எதுவும் தருவதில்லை என்று நான் சொல்லவில்லை. விதைக்கும் உரத்துக்கும் தருகிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் பருத்தி தோற்பது விதைக்கும்போது இல்லை, எடுக்கும்போது. எடுப்புக் கூலி ஏறிவிட்டது. அரசுக் கொள்முதல் நிலையம் வேன் வாடகை கட்டுப்படியாகாத தூரத்தில். வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரி சொல்வதே விலை. செல்வம் அண்ணனுக்குப் புக்கிட் பெலிம்பிங்கில் இரண்டு ஏக்கர் செம்பனை உண்டு. பாதைக்கே லோரி வருகிறது, அன்றைய விலை பலகையில் இருக்கிறது. அவருக்கும் கவலைகள் உண்டு. விலை தெரியாமல் விற்கும் கவலை இல்லை. எங்கள் அரசும் உர மானியத்தில் ஒரு பங்கை எடுப்புக் கூலிக்கும் விலைக்கும் மாற்றட்டும். அறுவடை மாதங்களிலாவது ஊருக்குப் பக்கத்தில் கொள்முதல் நடக்கட்டும். பதிவைக் காட்டில் வந்து, உழுகிறவர் முகத்தைப் பார்த்து எடுக்கட்டும். கைபேசியைக் கேட்டு நிலத்தை நம்புவது என்ன முறை?

இந்த வருடம் அப்பா ஒரு ஏக்கரில்தான் பருத்தி போட்டார். மற்ற இரண்டும் தரிசு. பதிவு நாளன்று பதற்றத்தில் நானே அழைத்தேன்.

"அதெல்லாம் முடிஞ்சிருச்சுய்யா" என்றாள் அம்மா. "போன வருசமே ஆபீசுக்குப் போயி மாத்தியாச்சு. நம்பரு என் போனுக்குத்தான் வந்துச்சு. நாந்தான் படிச்சுச் சொன்னேன்."

"நீயா?"

"பஸ் நம்பரப் பாத்து ஏறி எறங்குறவ, இதப் படிக்க மாட்டனா? நீ கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்."

என் கைபேசியில் இப்போது இரண்டு சிம். மலேசிய எண்ணில் நாள் முழுதும் தோட்டத்து அழைப்புகள். புதிதாக வாங்கிய இந்திய எண்ணுக்கு மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்கிறேன். அதற்கு எந்தச் செய்தியும் வருவதில்லை. அது யார் பதிவிலும் இல்லை.

மருந்துக்குக் கூடுதலாகக் கொடுத்ததும் வராமல் போன இழப்பீடும் சேர்த்து, அந்த ஆறு இலக்கத்துக்காக அப்பாவும் அம்மாவும் இழந்தது நாற்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாய்.