நல்ல காற்றுக்கு நாள் சொன்னவர்

வேலையில் இறங்குமுன் ஜெமீல் இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் குழந்தைப் பவுடர் பூசிக்கொள்கிறார். பைபர் படகு திருத்துகிறவருக்கு அதுதான் காவல். கண்ணாடி இழை தோலில் ஏறினால் மூன்று நாளைக்குச் சொறியத்தான் நேரம் இருக்கும். பக்கத்தில் தேநீர்க்கடை வைத்து, அவரை அண்ணன் முறையில் நானா என்றழைக்கும் சிவலட்சுமி ஒருநாளும் சும்மா விடுவதில்லை. "நானா மாப்பிள்ளையாய் வெளிக்கிட்டாச்சு" என்பார். ஜெமீலும் சளைக்காமல் கழுத்துக்கும் கொஞ்சம் பூசிக் காட்டுவார்.

முல்லைத்தீவுக் கரையில் ஓட்டை விழுந்த படகு எதுவும் அவருடைய கொட்டிலுக்கு வராமல் தப்பாது. படகின் அடியை விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்து, வெடிப்பு எந்த இடத்தில் என்று சொல்லிவிடுவார். பசை கலக்கும்போது மட்டும் யார் கூப்பிட்டாலும் நிமிர மாட்டார். "இப்ப கதைச்சா இறுகிப்போகும்" என்பார் கீழே பார்த்தபடியே. வயது ஐம்பத்தெட்டு. கொட்டிலுக்குப் பின்னால் ஓர் அறை வீடு, ஒரு கோப்பை, உட்கார ஒரு கதிரை.

தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போனவர், போர் முடிந்த மூன்றாம் வருடம் ஊர் திரும்பினார். மனைவி ஜொஹறா வரவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஜொஹறாவின் உம்மா, கட்டிய வீடு எல்லாம் அங்கேதான் இருந்தன. சண்டை பிடித்துப் பிரியவில்லை. இவர் வந்தார், அவர்கள் இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான். பெருநாளுக்குப் பெருநாள் போய்வருகிறார். "அங்க போனா முல்லைத்தீவான், இஞ்ச வந்தா புத்தளத்தான்" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிற்பதில்லை.

மகன் நாஸிம் கற்பிட்டியில் வெள்ளைக்காரருக்குப் பாய்ப்பலகை ஓடப் பழக்குகிறான். பலகையில் நின்று பாயைப் பிடித்துக்கொண்டு காற்றின் போக்கில் தண்ணீரைக் கிழித்துப் போகிற விளையாட்டு. இந்த வருடம் கூட்டாளிகள் இருபது பேரோடு முல்லைத்தீவின் நாயாற்றுக் களப்பில் மூன்று நாள் ஒன்றுகூடல் வைக்க எண்ணி, வாப்பாவிடம் நாள் கேட்டான்.

"அங்க எப்ப வாப்பா நல்ல காத்து?"

"பங்குனியில வாங்க மகன். கடல் தட்டுக் கணக்கா கிடக்கும்."

மறுமுனையில் நாஸிம் சிரித்தான். "அது எங்களுக்குச் செத்த காத்து வாப்பா. பலகை அசையாது."

ஜெமீலுக்கு நல்ல காற்று என்றால் கடலுக்குப் போனவன் திரும்பி வருகிற காற்று. மகனுடைய நல்ல காற்று வேறு என்று அன்றுதான் தெரிந்தது. எங்கே வராமலே விட்டுவிடுவானோ என்ற பயத்தில், "அப்ப மார்கழியில வா. காத்துக்குக் குறைவில்லை" என்றார். மார்கழிக் கடலை நன்றாக அறிந்த வாய்தான் அதைச் சொன்னது.

"மூண்டு நாளும் உங்களோடதான் நிப்பன்" என்றான் நாஸிம். இந்தப் பதின்மூன்று வருடத்தில் அவன் ஒருமுறைகூட இங்கே வந்ததில்லை. ஜெமீல் ஒரு மெத்தையும் நுளம்பு வலையும் இன்னொரு கதிரையும் வாங்கிப் போட்டார்.

பலகைகள் இரண்டு நாள் முந்தியே லொறியில் வந்து கொட்டிலில் இறங்கின. அடுத்த நாள் வானொலி தாழமுக்கம், புயலாகலாம் என்றது. எல்லோரும் படகுகளை இழுத்து மேட்டில் ஏற்றினார்கள். ஜெமீல் மட்டும் "இது திசை மாறிப் போயிடும்" என்று, கேட்காதவருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வந்தது. நாஸிமும் கூட்டாளிகளும் வந்த பஸ் கனகராயன்குளத்தில் நிற்கிறதாம். அதற்கு அங்கால் வீதியெல்லாம் வெள்ளம்.

"பொலிஸ் விடுறாங்க இல்லை வாப்பா. எல்லாரும் திரும்புவம் எண்டுறாங்க." பிறகு பகிடியாகச் சேர்த்தான்: "நீங்கதானே மார்கழி எண்டீங்க."

யாரையாவது பிடித்து மோட்டார் சைக்கிளில் ஓர் ஆள் வந்துவிடலாம். காட்டுக்குள்ளால் போகும் சுற்றுப்பாதை ஜெமீலுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தார். தலைக்கு மேல் தகரம் அடித்துக்கொண்டிருந்தது. ஒருமுறை பிழையாக நாள் சொன்னவருக்கு இன்னொரு முறை வழி சொல்லத் துணிவு வரவில்லை.

"திரும்பிப் போ மகன். இது நல்ல காத்தில்லை."

"சரி வாப்பா. பலகையளுக்குப் பிறகு லொறி அனுப்புறம்."

லொறி வரும் என்றான். தான் வருவதாகச் சொல்லவில்லை.

கடையைப் பூட்டிக்கொண்டு வந்த சிவலட்சுமி அவருடைய முகத்தைப் பார்த்தார். "வரேல்லையாமோ நானா? எங்கட வீட்டை வந்து இருங்கோவன். இந்த மழைக்குள்ள தனிய என்ன செய்யப் போறியள்?"

"நீங்க போங்கோ தங்கச்சி. நான் வந்தா பலகையள் நனைஞ்சிடும்."

தண்ணீரில் ஓடுவதற்கென்றே செய்த பலகைகள் அவை. சிவலட்சுமி அதைச் சொல்லிப் பகிடி பண்ணவில்லை. காற்றுக்குக் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி போனார்.

ஜெமீல் பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, நாஸிமின் பெயர் எழுதியதைத் தேடி எடுத்து மணலில் கிடத்தினார். கால் கோத்து நிற்பதற்கு அதில் இரண்டு வார்கள் இருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை நுழைத்தார், பிறகு இடது காலை. வார்கள் இரண்டும் அவர் காலுக்குத் தளர்ந்து கிடந்தன. இறுக்கலாம் என்று குனிந்து வாரில் கை வைத்தவர், மகன் வைத்த அளவிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார்.